பேய் யார்?

முக்கொம்பிலே காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்பால் ஓடுவது காவிரி. தாய் என்று தொழுகிறார்கள். வடபால் ஓடுவது கொள்ளிடம். வெள்ளத்துக்கு வடிகால் என்கிறார்கள். நீர் ஒன்று, நிலை இரண்டு! இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது திருவரங்கத் தீவு. அத்தீவு சொல்லும் கதை ஒன்றையும், அங்கிருந்து காவிரி பாயும் தஞ்சையின் பெயரால் சொல்லப்படும் கதை ஒன்றையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம்.

1993-இல் மலையாளத்தில் ஃபாசில் இயக்கிய படம் ‘மணிச்சித்திரத்தாழ்’. பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, நள்ளிரவுச் சலங்கை. தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்ட நாகவல்லி என்னும் ஆடல்மகளை ஆண்டை ஒருவன் அடைய விரும்புகிறான். அவளோ வேறொருவனை விரும்புகிறாள். ஆண்டையின் கையாலேயே மாள்கிறாள். பின்னாளில் அம்மாளிகைக்கு வரும் கங்கா என்ற பெண்ணின் உள்ளம் பிளவுபட்டு, அவள் தன்னையே நாகவல்லியாகக் காண்கிறாள்.

அக்கதை 2005-இல் பி. வாசுவின் இயக்கத்தில் ‘சந்திரமுகி’யாகத் தமிழுக்கு வந்தது. வந்தபோது நடந்த விந்தையைக் கேளுங்கள்! கேரளத்திலே தமிழ் பேசிய பேய், தமிழகத்திலே தெலுங்கு பேசியது. 2007-இல் இந்திக்குப் போனதும் வங்காளம் பேசியது. பேய் எப்போதும் அடுத்த நாட்டுக்காரி, எப்போதும் ஆடியவள், எப்போதும் பெண்!

இது பேயன்று, மனநோய் என்று அப்படம் சொன்னது. அதனை மனமார வரவேற்கிறோம். வேப்பிலை அடிக்கும் நாட்டிலே மருத்துவரை அழைத்தது சிறு செயலன்று. ஆயினும் மருத்துவர் பக்கத்திலே மாந்திரீகரையும் நிறுத்தினார்களே, ஏன்? அறிவுக்கு ஒரு கால், அச்சத்துக்கு ஒரு கால். 2023-இல் வந்த இரண்டாம் பாகத்திலோ மருத்துவம் மறைந்தது, ஆவியே மெய்யாகிவிட்டது. பதினெட்டு ஆண்டுகளில் நாம் நடந்த தொலைவு இது, பின்னோக்கி!

அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு ஒன்று நம்மிடம் உண்டு. காதலன் தலையை வெட்டியவன் யார்? பெண்ணை உயிரோடு எரித்தவன் யார்? வேட்டையன் என்னும் மன்னன். ஆனால் பூட்டிவைத்தது யாருடைய அறையை? எரிக்கப்பட்டவளின் அறையை! கொன்றவனைக் கண்டு நடுங்க வேண்டிய கொட்டகை, கொல்லப்பட்டவளைக் கண்டு நடுங்கியது. வேட்டையன் ‘லகலக’ என்று சிரித்தபோது கைதட்டி ஆரவாரித்தது. நோய் தீர்க்கும் மருத்துவர், பெண்ணை எரித்த மன்னன் இருவருமே ரஜினிகாந்த். கொடுங்கோலன் முகமும் குணப்படுத்துபவன் முகமும் ஒன்றாயிருந்தால் மக்கள் எந்த முகத்தை வெறுப்பார்கள்?

இனித் திருவரங்கத்துக்கு வருவோம். அங்குள்ள வெள்ளைக் கோபுரத்துக்கு ஒரு கதை உண்டு. 14-ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது வெள்ளாயி என்னும் தேவதாசி பகைப் படைத்தலைவனை மயக்கிக் கோபுரத்தின்மேல் அழைத்துச் சென்று, கீழே தள்ளிக் கொன்று, தானும் வீழ்ந்து மாண்டாளாம். மெய்யோ பொய்யோ, நாட்டார் வழக்கு அது. அவளை யாரும் பேய் என்பதில்லை. கோபுரத்துக்கே அவள் பெயரால் விளக்கம் சொல்கிறார்கள். கோயிலுக்காகக் கொன்றவள் தியாகி. தன்னை எரித்தவனைப் பழிதீர்க்கத் துடித்தவள் பிசாசு. அவளும் ஆடல்மகள், இவளும் ஆடல்மகள். முன்னவள் தனக்கென எதையும் விரும்பவில்லை. பின்னவள் ஓர் ஆடவனைத் தன் விருப்பத்தால் விரும்பிவிட்டாள். அவ்வளவுதான் வேற்றுமை!

இதைக் கற்பனை என்று தள்ளிவிட இயலாது. காவிரிக் கரையிலே உண்மையான பெண்களுக்குப் பொட்டுக் கட்டினார்கள். அவர்கள் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. அக்குலத்திலிருந்தே எழுந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ எழுதினார். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டமன்றத்தில் வாதாடினார். 1947-இல் பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் வந்தது. அவர்கள் பேயாக வரவில்லை. பேனாவோடு வந்தார்கள், மசோதாவோடு வந்தார்கள்.

அவர்களைப் பற்றி ஒரு திகில்படம் எடுப்பாருண்டா? அங்கே நடுங்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்!