தொட்டால்தான் கபடி

பக்கத்தில் நிற்பவரின் கையைக் கோத்துக்கொண்டு கபடியில் பாடி வருபவரை மடக்குகிறோம். ஆனால் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஊருக்கு ஓர் அணி, சேரிக்கு ஓர் அணி என்பதை இன்றும் பார்க்கிறோம்.

நூறாண்டுக்கும் முன்பு புனேயில் தலித் பந்துவீச்சாளர் பால்வங்கர் பாலு தொட்ட பந்தைச் சாதி இந்து வீரர்களும் தொட்டார்கள். தேநீர் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண்குவளையில். 1911இல் இங்கிலாந்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. 1923இல்தான் தம்பி விட்டல் அதைப் பெற்றார்.

பள்ளி அணியில் ஊர், சேரி, கல்வராயன்மலைப் பிள்ளைகள் சேர்ந்தே ஆட முடியும். களத்தில் பிடித்த கையைத் தண்ணீர்க் குடத்தருகே விட்டுவிடாதீர்கள், தம்பி தங்கைகளே! ஒரே குவளை, ஒரே பந்தி, திறமைக்கே தலைமை. உடற்கல்வி ஆசிரியர்கள் பயிற்சியின் முதல் நாளிலேயே இதைத் தொடங்கக் கேட்கிறோம்.