துவக்கின் முன்கட்டை

மரமும் இரும்பும் சேர்ந்து அமைந்த கருவிகளில் முதலில் மூப்படைவது மரமே. மண்வெட்டிக்குப் பிடி மாற்றாத உழவர் இல்லை. மருதமுனைத் தறிகளில் நாடா தேய்ந்தால் நெசவாளர் வேறு நாடா இடுகின்றனர், தறி நிற்கிறது. இவற்றைப் பற்றி நாம் முன்னரும் சிந்தித்ததுண்டு. இன்று எடுத்துக்கொள்ளும் பொருள் துவக்கின் முன்கட்டை. துவக்கு என்றதும் இல்லத்தரசியர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். வீட்டில் துவக்கு இருக்குமானால் அதனைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவர்களுள் அவர்களே முதல்வர் என்பது நம் எண்ணம்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களைக் கண்டவர்கள் அவற்றின் அமைப்பை அறிவர். கிழக்கே கடல், கரையோரமாக நெருங்கிய வீடுகள், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வட்டைகள். 1949ஆம் ஆண்டில் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. தமிழர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிவந்த அந்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் அமைத்தனர். நீர் பெருகியது, நிலம் விரிந்தது, காடு பின்வாங்கியது. காட்டில் வாழ்ந்த விலங்குகள் மட்டும் தம் பழைய வழிகளை மறக்கவில்லை. கதிர் பால்பிடிக்கும் காலத்தில் பன்றி வரம்பேறுகிறது, யானையும் வருகிறது. வாடியிலும் பரணிலும் இரவெல்லாம் விழித்திருந்து கவி பாடிக் காவல் காத்த முல்லைக்காரர்களின் பக்கத்தில் ஒரு துவக்கு சாத்தியிருந்தது இதனாலேதான்.

அத்துவக்குகளில் மிகுதியானவை ஒற்றைக் குழலும் இரட்டைக் குழலுமே. எனினும் சில வீடுகளில் 'ரிப்பீட்டர்' என்று மக்கள் வழங்கும் வகையும் உண்டு. இதில் குழலின் கீழே தோட்டாக்களை அடுக்கும் வேறொரு குழாய் இருக்கிறது. அதன்மேல் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்வதாக ஒரு மரக்கட்டை. இடக்கை அதனைப் பின்னே இழுத்தால் வெடித்த தோட்டா வெளியே விழும். முன்னே தள்ளினால் புதிய தோட்டா அறையில் ஏறும். அந்தக் கட்டையே முன்கட்டை. 1882இல் அமெரிக்காவில் கிறிஸ்தோபர் ஸ்பென்சர் என்பவர் இவ்வகைத் துவக்கைச் சந்தைக்குக் கொணர்ந்தார். ஜோன் பிரவுனிங் வகுத்த வின்செஸ்டர் 1897ஆம் ஆண்டு வகை பெரும்புகழ் பெற்றது. 1937இல் இதக்கா 37உம், 1950இல் ரெமிங்டன் 870உம் தொடர்ந்தன. பழையவற்றின் முன்கட்டை உருண்டு, சோளப்பொத்தி போல வரிவரியாகக் கீறப்பட்டிருக்கும். வியர்த்த கை வழுக்காதிருப்பதற்கே அந்த வரிகள்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு செய்தி. 'பன்னிரண்டாம் நம்பர்' துவக்கு என்கிறோமே, அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமகுண்டுகளாக வார்த்தால் ஒவ்வொரு குண்டும் எத்துணைப் பருமனாகுமோ, அதுவே அக்குழலின் உள்விட்டம். ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். ஆதலின் எண் பெருகக் குழல் சிறுக்கும். இருபதாம் நம்பர் பன்னிரண்டாம் நம்பரினும் சிறியது.

இனி, முன்கட்டை ஏன் வெடிக்கிறது? மரம் நீளவாட்டில் அநேகமாக நீள்வதுமில்லை, குறுகுவதுமில்லை. குறுக்குவாட்டிலேதான் ஈரத்தைக் குடித்து வீங்குகிறது. ஈரம் வற்றிச் சுருங்குகிறது. அதிலும் ஆண்டு வளையத்தைத் தழுவிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து புறம்நோக்கிய திசையிற் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. நம் கீழ்க்கரையில் மாரிகாலத்து வடகீழ்க்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துவருகிறது. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வீசும் கச்சான் உதட்டையே வெடிக்கச் செய்யும் வறட்சியுடையது. இந்த இரண்டுக்குமிடையே ஆண்டுதோறும் மரம் வீங்கிச் சுருங்குகிறது. மாரியில் இறுக்கிப் பொருத்திய மரம் கச்சானில் சுருங்க முனையும்போது உள்ளேயுள்ள இரும்புக்குழாய் இடங்கொடாது. அப்போது மரம் தன் இழைவழியே பிளக்கிறது.

பிளந்த கட்டையைக் கம்பியால் வரிந்து கட்டுவோர் உளர். இது பார்வைக்குச் சிக்கனம், உண்மையில் அபாயம். கம்பிக்கடியில் வியர்வையும் உப்பும் தங்கி இரும்பு துருவேறும். கட்டை ஆடினால் கையின் வலிமை நேராகச் செல்லாது. இழுப்பது பாதியில் நிற்கும். தோட்டா வழியிற் சிக்கும். இருளில், பன்றி எதிரே நிற்கையில், பதற்றத்தோடு அதனை விடுவிக்க முயல்வார்கள். பழைய வகைகள் சிலவற்றில், வின்செஸ்டர் 1897, இதக்கா 37இன் முற்பட்டவை போன்றவற்றில், விசையை அழுத்தியபடியே கட்டையை முன்தள்ளினால் அறை மூடிய கணத்தில் துவக்கு தானே வெடித்துவிடும். வேண்டாத இடத்தில் ஒரு விரல் இருந்தால் போதும். பரணின் கீழே நிற்பவர் உடன்பிறந்தவராக இருக்கலாம். ஆகவே மெல்லிய ஒரு வெடிப்பை ஒட்டுப்பசையால் ஒட்டிச் சமாளிக்கலாம். இழைவழியே முற்றாகப் பிளந்த கட்டையை மாற்றுவதே முறை.

மாற்றுவது கடினமான வேலையன்று. ஒழுங்கு வேண்டிய வேலை. முதலாவது, தோட்டாக்கள் யாவும் வேறோர் அறைக்குப் போகவேண்டும். அறையையும் தோட்டாக்குழாயையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி, வெறுமை என்று உறுதிசெய்தல் வேண்டும். ஒருமுறை பார்த்தது போதாது. வேறொருவரையும் பார்க்கச் செய்வது நன்று. பின்னர் குழலைக் கழற்றி முன்கட்டையை அதன் இரும்புக் கரங்களோடு முன்னே உருவ வேண்டும். ரெமிங்டன் 870 போன்றவற்றில் மரம் ஒரு மெல்லிய குழாயின்மேல் ஏறி நிற்கும். முன்முனையில் இரு வெட்டுடைய வளையச் சுரை ஒன்று அதனைப் பிடித்திருக்கும். மற்ற வகைகளில் அமைப்பு வேறுபடும். அந்தச் சுரையை உளியாலும் சுத்தியலாலும் தட்டித் திருப்புவோர் வெட்டுக்களைச் சிதைத்துவிடுகின்றனர். இரு வெட்டிலும் ஒருங்கே பொருந்துமாறு தட்டையான உருக்குத் தகடு ஒன்றை அரத்தால் இராவிச் சாவி செய்துகொண்டால் சுரை இலகுவில் திரும்பும்.

இங்கே சட்டத்தையும் நினைவுகூர வேண்டும். நம் நாட்டில் துவக்குகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டினது. 1996இல் அதன் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அது ஆளுக்கு உரியது. துவக்கைப் பிறர் கையிற் கொடுத்தனுப்புவது விளையாட்டன்று. ஆகவே கழற்றிய மரத்தை மட்டும் ஓடாவியிடம் அனுப்புதல் சிறந்தது. இரும்பு வீட்டிற் பூட்டியபடி இருக்கட்டும். இரும்பிற் பழுதிருந்தால் அதற்கென அனுமதி பெற்றவரிடமே காட்டுதல் வேண்டும்.

சம்மாந்துறைப் பக்கத்து முதியவர் ஒருவர் பிளந்த முன்கட்டையைத் துணியிற் பொதிந்து கல்முனையிலுள்ள ஓடாவி ஒருவரிடம் கொணர்ந்த வேளையில் நாம் அங்கிருந்தோம். ஓடாவி அதனை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார்.

"காக்கா, இது இனி ஒட்டுக்கு நிற்காது. வேறு கட்டைதான் கடைய வேணும்."

"வாப்பா பிடிச்ச கட்டை, ஓடாவியார். அவர்ர விரல் பட்ட இடம் குழிஞ்சு கிடக்கு, பாருங்க."

"குழி கிடக்கட்டும் காக்கா. உங்கட பேரன் பிடிக்கக்குள்ள கை கிழியாமல் இருக்க வேணுமே?"

முதியவர் மறுமொழி கூறவில்லை. சற்றுநேரம் கட்டையைத் தடவியபடி இருந்துவிட்டு, அளவு எடுத்துக்கொள்ளுமாறு அதனை நீட்டினார்.

ஓடாவி சொன்ன முறைகளை நாம் குறித்துக்கொண்டோம். மரம் நன்கு உலர்ந்ததாயிருக்க வேண்டும். ஓரங்குலத் தடிப்புக்கு ஓராண்டு நிழலில் உலர்த்துவது பழைய கணக்கு. வேற்றுநாட்டார் அக்ரூட் மரத்தை விரும்பியதற்குக் காரணம், அது அதிர்ச்சியைத் தாங்கும்; பருவம் மாறினாலும் அதிகம் கோணாது. நம்மிடையே தேக்கும் அதிகம் கோணாத மரமே. முதிரை அழகும் உறுதியும் உடையது. ஆனால் கனமானது, குடைவதற்குக் கடினமானது. எம்மரமாயினும் இழை குழலுக்கு நேராக ஓடவேண்டும். இழை சரிந்து ஓடினால் அச்சரிவிலேயே முறியும். உட்குடைவு குழாயை இறுகக் கவ்வாமல், கடதாசி ஒன்று நுழையும் அளவு இடைவெளியோடு இருத்தல் வேண்டும். பின்னோக்கி முழுவதும் இழுத்தபோது மரம் துவக்கின் உடலில் இடிக்கலாகாது; இடித்தால் ஒவ்வோர் இழுப்பும் ஒரு சுத்தியலடியாகும்.

எண்ணெய் பூசுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பலர் வெளிப்புறத்தை மட்டும் பளபளக்கச் செய்கின்றனர். ஈரம் மிகுதியாக நுழைவது வெட்டுமுனைகளின் வழியே. ஆகவே இரு முனைகளுக்கும் உட்குடைவுக்கும் ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பலமுறை பூசி உலரவிடுதல் வேண்டும். இல்லத்தரசியர் இதனைக் குறித்துக்கொள்வாராக: அவ்வெண்ணெய் தோய்ந்த கந்தையைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிடுக, அன்றேல் நீரில் அமிழ்த்திவிடுக.

கிரேக்க அறிஞர் புளூட்டாக் ஒரு கப்பலைப் பற்றிக் கூறுகிறார். தேசியசு என்ற வீரன் ஏறிவந்த கப்பலை ஏதென்சு நகரத்தார் பேணிவந்தனர். உளுத்த பலகை ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டுப் புதுப்பலகை வைத்தனர். பலகைகள் எல்லாம் மாறிய பின்னும் அது அதே கப்பல்தானா என்று தத்துவஞானிகள் வாதிட்டனராம். துவக்கைப் பொறுத்தவரை சட்டத்தின் விடை எளிது: இரும்பிற் பொறித்த எண்ணே துவக்கு. முதியவரின் விடை வேறு. அவருக்குத் தந்தையின் விரற்குழி விழுந்த மரமே துவக்கு. இரண்டில் எதனையும் நாம் பொய்யென்று சொல்லமாட்டோம். ஆனால் நினைவுக்கு உரிய இடம் வீட்டின் பெட்டகம். வயலுக்குப் போக வேண்டியது பிளவற்ற மரம். ஓடாவியும் பழைய கட்டையைத் திருப்பிக் கொடுத்தே அனுப்பினார்.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். செப்பனிட்ட துவக்கு எதற்கு? யானைக்கன்று. யானை சட்டத்தாற் காக்கப்பட்ட விலங்கு. அதனை விரட்ட யானைவெடி உண்டு. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இந்தப் போராட்டத்தில் மாண்டனர். காயம்பட்ட யானை மறந்துபோவதில்லை. அடுத்த இரவு அதன் எதிரே அகப்படுபவர் சுட்டவராகவே இருப்பாரென்பதும் இல்லை. அவ்வாறே, பன்றிக்கென்று வழியிற் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு பன்றியையும் பள்ளிப்பிள்ளையையும் பிரித்தறியாது. சட்டமும் அதற்கு இடந்தரவில்லை. கையிற் பிடித்த துவக்குக்கேனும் ஒரு மனிதனின் கண் இருக்கிறது.

முன்கட்டை ஆடுகிறதென்று அறிந்தவர்கள் கச்சான் வீசும் நாட்களிலேயே அதனைக் கவனித்துக்கொள்வது நன்று. மரம் அப்போதுதான் மிக வறண்டிருக்கும். அக்காலத்திற் பொருத்திய கட்டை பின்னர் சுருங்கிக் குழாயை நெரிப்பதில்லை. மாரி பிறந்து விதைப்பும் முடிந்து, பன்றி வரம்பேறிய இரவில், கம்பிக்கட்டை நம்பிப் பரண் ஏறும் நிலையை எவரும் வருவித்துக்கொள்ள வேண்டாம்.