பெயர் ஒன்று என்றால் ஆளும் ஒன்றா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. இங்கிலாந்தின் பாராளுமன்றத்துக்கு அடித்தளம் போட்ட சைமன் டி மான்ட்ஃபோர்ட்தான் தெற்கு பிரான்சில் மதத்தின் பேரால் மனிதர்களை உயிரோடு எரித்தவராம். "பாத்தீங்களா, ஜனநாயகத்தின் தந்தை ஒரு கொலைகாரன்" என்று முடிகிறது. "அது அப்பா, இது மகன்" என்று எழுதினேன். உடனே தம்பி மகனிடமிருந்து பதில்: "பெரியப்பா, எண்ணூறு வருஷத்துக்கு முந்தி செத்தவங்க. யாரா இருந்தா என்ன?" அதற்குப் பதினாறு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள். அதில் நான்கு பேர் என்னிடம் படித்தவர்கள்!

யாராக இருந்தால் என்னவா? சொல்கிறேன்.

அப்பா சைமன், கதார் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு எதிராக நடந்த சிலுவைப்போரின் படைத்தலைவர். 1210-ல் மினெர்வ் என்ற ஊர் அவரிடம் வீழ்ந்தபோது, நம்பிக்கையை மாற்றிக்கொள்ள மறுத்த சுமார் 140 பேர் எரிக்கப்பட்டார்கள். 1218-ல் துலூஸ் நகரை முற்றுகையிட்டிருந்தபோது கோட்டைக்குள்ளிருந்து வீசிய கல் தலையில் பட்டு இறந்தார்.

மகன் சைமனுக்கு அப்போது பத்து வயது இருக்கும். பின்னாளில் இங்கிலாந்துக்கு வந்து, மன்னர் மூன்றாம் ஹென்றியின் தங்கையை மணந்து, பிறகு அதே மன்னரை எதிர்த்து நின்று, 1264-ல் லூயிஸ் போரில் அவரைச் சிறைபிடித்தார். 1265 ஜனவரியில் அவர் கூட்டிய சபைக்கு மாவட்டங்களிலிருந்து வீரப்பெருமக்கள் மட்டுமல்ல, நகரங்களிலிருந்தும் பிரதிநிதிகள் வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 4-ல் ஈவ்ஷாம் போரில் கொல்லப்பட்டார்.

இரண்டு பேருமே லெஸ்டர் பிரபு. இரண்டு பேருமே போரில் செத்தவர்கள். குழம்பத்தான் செய்யும். போதாததற்கு அந்த மகனுக்கும் சைமன் என்றே ஒரு மகன். அவன் 1271-ல் இத்தாலியில் ஒரு தேவாலயத்துக்குள் தன் சகோதரனோடு சேர்ந்து, அரச குடும்பத்து இளவரசர் ஒருவரைக் கொன்றவன். மூன்று சைமன்களையும் ஒன்றாக்கினால் கிடைப்பவர் எரித்தவர், சபை கூட்டியவர், கோயிலில் கொலை செய்தவர். அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை.

இப்போது ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தவறை நானே செய்தேன். இரண்டு புத்தகங்களிலிருந்து குறிப்பெடுத்து, சரிபார்க்காமல் கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், 1218-ல செத்தவரு 1265-ல எப்படி சார் கூட்டம் போட்டாரு?" வகுப்பே சிரித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "உக்காருடா" என்றேன். அன்றைக்கு அவன்தான் ஆசிரியர், நான்தான் மக்கு. இதைப் படித்துக்கொண்டிருந்தால், தம்பி, முப்பத்தைந்து வருடம் தாமதமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

"பெரியவர்களே குழம்பியிருக்கிறார்களே" என்பீர்கள். ஆமாம், ஷேக்ஸ்பியரே குழம்பினார். எட்மண்ட் மார்ட்டிமர் என்ற பெயரில் சித்தப்பா ஒருவர், அண்ணன் மகன் ஒருவர். வேல்ஸ் நாட்டுக் கிளர்ச்சித் தலைவர் ஓவைன் கிளிண்டூரிடம் 1402-ல் பிடிபட்டு, மன்னர் நான்காம் ஹென்றி மீட்புப்பணம் தர மறுத்ததால், எதிரியின் மகளையே மணந்து மன்னருக்கு எதிராகத் திரும்பியவர் சித்தப்பா. 1409-ல் ஹார்லெக் கோட்டை முற்றுகையில் இறந்தார். மார்ச் பிரபு என்ற பட்டம் அவருக்குக் கிடையாது. (மாதம் அல்ல, வேல்ஸ் எல்லைப்புறம் என்று பொருள்.) பட்டமும் அரியணை உரிமையும் அண்ணன் மகனுக்கு. சித்தப்பா பிடிபட்டபோது அவனுக்குப் பத்து வயது. 1399 முதலே மன்னரின் காவலில் இருந்த பிள்ளை. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தில் இருவரும் ஒருவராகிவிட்டார்கள். 'ஆறாம் ஹென்றி' நாடகத்திலோ அந்த மார்ட்டிமர் கிழவராகி லண்டன் கோபுரச் சிறையில் சாகிறார். நிஜத்தில் அவர் 1413-ல் விடுதலையாகி, 1425-ல் அயர்லாந்தில் கொள்ளைநோயில் இறந்தபோது வயது 33 தான்!

இன்னும் கேளுங்கள். இந்த அண்ணன் மகனை அரசனாக்கச் சிலர் 1415-ல் சதி செய்தபோது, அதை ஐந்தாம் ஹென்றியிடம் போய்ச் சொன்னவரே இவர்தான். துரோகி என்று பெயர் வாங்கியது யார், துரோகத்தைக் காட்டிக்கொடுத்தது யார்? "யாரா இருந்தா என்ன" என்று சொல்லிவிட முடியுமா?

நாடகத்துக்குச் சலுகை உண்டு. செய்தி என்று அனுப்புகிறவருக்குக் கிடையாது.

இன்னொரு வாதமும் வரும்: "ஒரே குடும்பம்தானே, ஒரே ரத்தம்தானே?" இதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். ஹ்யூ டெஸ்பென்சர் என்று மூன்று தலைமுறை. தாத்தா, சைமனோடு நின்று மன்னரை எதிர்த்து அதே ஈவ்ஷாமில் செத்தார். அவர் மகனும் பேரனும் இரண்டாம் எட்வர்ட் மன்னருக்கு வேண்டியவர்களாக இருந்து, அதனாலேயே 1326-ல் ஒரு மாத இடைவெளிக்குள் தண்டிக்கப்பட்டுச் செத்தார்கள். ரத்தம் ஒன்று, நிலை நேர் எதிர். அப்பன் செய்ததை மகன் தலையில் எழுதுவதும், தாத்தாவின் பெருமையைப் பேரன் போர்த்திக்கொள்வதும் ஒரே சோம்பேறித்தனம்தான்.

மகன் சைமனை நான் மகான் ஆக்கவில்லை. 1231-ல் லெஸ்டர் நகரிலிருந்து யூதர்களை வெளியேற்றியவர் அவர். அந்தப் பழி அவருடையது, அதை அவர் கணக்கில் எழுதுங்கள். மினெர்வ் தீயை மட்டும் எழுதாதீர்கள்.

பிரித்தறிய வழி எளிது. முதலில் இறந்த ஆண்டைப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். அடுத்து மனைவி யார் என்று பாருங்கள். பிறகு எந்தப் போர், எந்த மன்னர். 'ஐந்தாம் பிரபு', 'ஆறாம் பிரபு' என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அது பட்டத்துக்கான எண், ஆளின் பெயருக்கான எண் அல்ல.

இதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் செலவழிக்க மனமில்லாதவர், நாளைக்கு உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரிலும் இதையேதான் செய்வார். செத்தவரால் எழுந்து வந்து "அது நான் இல்லை" என்று சொல்ல முடியாது. அவருக்காக நாம்தான் சொல்ல வேண்டும்.

கட்டைவிரல் காட்டிய நால்வரும் மூன்று சைமன்களின் இறந்த ஆண்டையும் கீழே எழுதுங்கள். மூன்றாமவருடையதை நான் சொல்லவில்லை, தேடிப் பாருங்கள். தம்பி மகனே, உனக்கும் சேர்த்துத்தான்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்