ஒரே ஒரு யூனிட் – 233 ரூபாய்!

சித்திரை பிறந்தால் போதும். வீட்டில் மின்விசிறி நிற்பதே இல்லை. பிரிட்ஜ் இரவும் பகலும் உறுமுகிறது. ஏ.சி. வைத்திருப்பவர்கள் பொழுது சாய்ந்ததுமே கதவைச் சாத்திக் கொள்கிறார்கள். வைகாசியில் மின்சார வாரிய ஊழியர் கணக்கெடுக்க வருகிறார். தொகையைப் பார்த்ததும் குடும்பத் தலைவருக்கு வியர்க்கிறது!

"போன தடவை 1,500 ரூபாய்தானே கட்டினோம்? இப்போது எப்படி 2,300 ஆயிற்று?" என்கிறார் அவர்.

"வெயில் அப்படி! அதற்கு நான் என்ன செய்ய?" என்கிறார் மனைவி.

இருவர் மீதும் குற்றம் இல்லை. மீட்டர் மீதும் குற்றம் இல்லை. கணக்குப் போடும் முறையில் ஒரு மேடு இருக்கிறது. பல வீடுகள் தெரியாமல் அதில் ஏறி விடுகின்றன.

500-ம் 501-ம்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பது வழக்கம். 2016-ம் ஆண்டு மே மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் ஆக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் புதிய கட்டணம் அமலுக்கு வந்தது. அந்தக் கட்டணத்தை வைத்து ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு வீட்டில் 2 மாதத்தில் 500 யூனிட் செலவு. முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு. அதற்கு அடுத்த 200-க்கு 4 ரூபாய் 50 காசு. கடைசி 100-க்கு 6 ரூபாய். ஆக மொத்தம் 1,725 ரூபாய்.

பக்கத்து வீட்டில் 501 யூனிட். ஒரு யூனிட்தான் கூடுதல். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த 2 ரூபாய் 25 காசு விகிதம் கிடையாது. 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டுக்கும் 4 ரூபாய் 50 காசு. 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958 ரூபாய்!

ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்!

2024 ஜூலையில் கட்டணம் மறுபடியும் ஏறியது. விகிதங்கள் மாறின. 500-ல் இருந்த மேடு அப்போதும் போகவில்லை. உங்கள் வீட்டுக்கு என்ன விகிதம் என்பதை ரசீதில் பார்த்துக் கொள்ளுங்கள்.

நிறையச் செலவழிப்பவர் நிறையக் கொடுக்கட்டும் என்பது நியாயம்தான். ஆனால் மீட்டர் ஆட்களை எண்ணுவது இல்லை. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரன், பேத்தி என்று 8 பேர் வாழும் வீட்டுக்கும் அதே 500. தனி ஆள் ஒருவர் ஏ.சி. போட்டு வாழும் வீட்டுக்கும் அதே 500. கூட்டுக் குடும்பம்தான் முதலில் மேட்டில் ஏறுகிறது.

30-வது நாள் பாருங்கள்

தப்பிக்க வழி உண்டா? உண்டு. கணக்கெடுத்த நாளில் அட்டையில் எழுதிய எண்ணைக் குறித்து வையுங்கள். 30-வது நாள் மீட்டரைப் பாருங்கள். புது மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். குறித்து வைத்த எண்ணை விடச் சற்றே கூடுதலாக உள்ள எண்தான் உங்களுக்கு வேண்டியது. பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை கூடச் செய்து விடும்.

விடை 270 என்று வைத்துக் கொள்வோம். ஒரு நாளைக்கு 9 யூனிட். இப்படியே போனால் 60-வது நாளில் 540. மேலே சொன்ன 2022 கட்டணப்படி 2,270 ரூபாய். 500-க்குள் நின்றால் 1,725. வித்தியாசம் 545 ரூபாய். மீதி 30 நாளும் தினம் ஒன்றரை யூனிட் குறைத்தால் போதும்!

எதைக் குறைப்பது?

1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் என்றே வைத்துக் கொள்ளுங்கள். இரவு 8 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 480 யூனிட்! விடியற்காலையில் ஒரு மணி நேரம் முன்னால் நிறுத்தினாலே முக்கால் கிணறு தாண்டியாயிற்று. 24 டிகிரிக்குக் கீழே போகாதீர்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தி சிக்கனத்துக்கான மத்திய அரசு அலுவலகத்தின் கணக்கு.

சாதாரண மின்விசிறி 75 வாட். தினம் 15 மணி நேரம் சுழன்றால் 2 மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். பி.எல்.டி.சி. என்ற புது ரக மின்விசிறி 30 வாட்தான். அதற்கு 27 யூனிட். விலை கூடுதல்தான். எனவே எல்லா அறைக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். அதிக நேரம் சுற்றும் கூடத்து மின்விசிறியை முதலில் மாற்றலாம். பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். அதில் வேகம் குறையும். மின்சாரம் அவ்வளவாகக் குறையாது. பெட்டிதான் சூடாகும்.

மாடியில் சுண்ணாம்பு அடிப்பதை நம்மவர்கள் மறந்து வருகிறார்கள். பங்குனியிலேயே அடித்து விட்டால் தளம் அவ்வளவாகக் காயாது. பிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். குழம்பை ஆற வைத்த பிறகு உள்ளே வையுங்கள்.

ஒன்றை மட்டும் குறைக்கக் கூடாது. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் சுற்றும் மின்விசிறி! கத்திரி வெயிலில் பாட்டியின் அறை மின்விசிறியை நிறுத்துவது சிக்கனம் அல்ல. வெயில் உயிரையே வாங்கி விடும். பாட்டி வாய் திறந்து கேட்கவும் மாட்டார். மருமகள்தான் பார்த்துப் போட வேண்டும்.

ஆடி முதல் மார்கழி வரை

ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதிச் செலவு போய் விடும். ஐப்பசி, கார்த்திகையில் வேறு தொல்லை. துணி காயாது. ஈரத் துணியை இஸ்திரிப் பெட்டியால் காய வைக்கும் வீடுகள் எத்தனை! துணி காய்வதற்குள் மீட்டர் ஓடி விடும். கொடியில் கட்டி மின்விசிறிக் காற்றில் காய விடுவது எவ்வளவோ மலிவு.

மார்கழியில் வெந்நீர். கெய்சர் பெரும்பாலும் 2,000 வாட். அரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட். 4 பேரும் அடுத்தடுத்துக் குளித்தால் ஒரே சூட்டில் வேலை முடியும். ஆளுக்கு ஒரு நேரம் குளித்தால் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுட வேண்டும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குக் கதையே தலைகீழ். அவர்களுக்குச் சித்திரையில் செலவு குறைவு. மார்கழி, தையில்தான் பயம்.

வாடகை வீட்டுக்காரர்கள்

இவ்வளவும் தனி மீட்டர் உள்ளவர்களுக்கு. ஒரே மீட்டரில் 3 குடித்தனம் இருந்தால் என்ன ஆகும்? மூவரும் 200, 200 என்று சிக்கனமாகவே செலவழித்தாலும் மீட்டர் 600 காட்டும். மேடு ஏறியாயிற்று! 2022 கட்டணப்படி 2,750 ரூபாய். தனித்தனி மீட்டர் இருந்தால் ஆளுக்கு 225 ரூபாய். மூன்று வீட்டுக்கும் சேர்த்தே 675 ரூபாய்தான். சில வீட்டுக்காரர்கள் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை பேசி வாங்குகிறார்கள். இலவச யூனிட்டின் பலன் குடியிருப்பவருக்குப் போய்ச் சேருவதே இல்லை.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா என்று கேட்கிறோம். தனி மீட்டர் உண்டா, ரசீதைக் கண்ணில் காட்டுவார்களா என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு விட வேண்டும்.