கொட்டும் பாலுக்கு விலை தருவது யார்?

பிளவக்கல் அணையின் அடிவாரத்தில் மேயும் மாட்டுக்கும் டில்லியில் அச்சாகும் விதிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உறவு உண்டு, தோழர்களே!

மாட்டுக்கு மடிநோய் கண்டால் ஊசி போடுகிறார்கள். மடி தேறுகிறது, நன்று. ஆனால் அடுத்த சில நாள் கறக்கும் பாலில் மருந்தின் எச்சம் இருக்கும். எல்லா எச்சமும் காய்ச்சினால் அழிவதில்லை. எத்தனை நாள் விற்கக்கூடாது என்பதை மருந்தின் மேலேயே அச்சிட வேண்டும். நாள் கணக்கிடப்படாத மருந்தானால் பாலுக்குக் குறைந்தது 7 நாள் என்று 2012இல் மத்திய அரசு விதி செய்தது.

விதி வந்தது, வழி வந்ததா? இரண்டு மாட்டை நம்பி வாழும் குடும்பம் ஏழு நாள் பாலைக் கொட்டிவிட்டால், அந்த வாரம் உலை வைப்பது எதைக் கொண்டு?

2018இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது உணவுப் பாதுகாப்பு ஆணையம். 77 மாதிரிகளில் அளவுமீறிய மருந்தெச்சம்! “77 தானே!” என்பர் சிலர். எச்சத்தினும் பெரிய கேடு ஒன்றுண்டு. அரைகுறை மருந்துக்குத் தப்பிய கிருமி பெருகி, மருந்தையே வெல்கிறது. சாணத்தின் வழி, நீரின் வழி, கறப்பவர் கையின் வழி மனிதரிடம் வருகிறது. கோலிஸ்டின், மனிதருக்குக் கடைசிக் கைம்மருந்துகளில் ஒன்று. அதை வெல்லும் மரபணு சீனத்தில் பன்றிகளிடமும் மனிதரிடமும் இருப்பது 2015இல் வெளிப்பட்டது. உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்கு அதைத் தர இந்தியா தடை விதித்ததோ 2019 சூலையில்!

டென்மார்க் 1995 முதலே மருந்தின் செலவையும் கிருமியின் எதிர்ப்பையும் சேர்த்தே கணக்கெடுக்கிறது. இங்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு வலையம் உண்டு. வரவேற்கிறோம். ஆனால் ஆய்வுக்கூட ஏட்டில் எண் ஏறினால் போதுமா? எந்த மருந்து எந்த வட்டாரத்தில் தோற்கிறது என்பது வத்திராயிருப்பில் ஊசி எடுப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

மலைக்கு அப்பால் கேரளம், மனிதரையும் கால்நடையையும் ஒருங்கே கருதி, 2018இலேயே தனக்கென ஒரு திட்டம் வகுத்துக்கொண்டது. கால்நடை நோய்த் தடுப்பு மாநிலப் பட்டியலில் உள்ள உரிமை. உரிமை என்றால் பொறுப்பும்தானே!

பால் சங்கத்திலேயே சோதனை வேண்டும். முடிவு தமிழில், ஊர்வாரியாக வெளிவர வேண்டும். கொட்டச் சொல்லும் பாலுக்கு ஈடு தர வேண்டும். ஈடின்றித் தண்டனை மட்டும் வந்தால் உழவர் உண்மையை மறைப்பார். மறைத்த உண்மையை எந்தக் கருவி காணும்?

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா புவிசார் குறியீடு பெற்றது நமக்குப் பெருமை. அந்தப் பெருமை நிற்பது பாலின் மேல். பால் நிற்பது அந்த ஏழையின் நேர்மையின் மேல். அந்த நேர்மைக்கு விலை தர நாடு தயங்கலாமா?