வார் எதனாலானது?

துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் பயிலும் மாட்டுங்கா மாணவி ஒருவர், தோல் வார் வாங்குவதா, செயற்கை இழை வார் வாங்குவதா என்று என்னிடம் கேட்டார். மொழியியல் ஆய்வாளனிடம் கேட்கவேண்டிய கேள்வியன்று. தாராவியில் வளர்ந்தவன் என்பதால் கேட்டிருக்கிறார். “தோலே வாங்கு, தாராவித் தொழிலாளர்க்கு உதவியாக இருக்கும்” என்று நண்பர்கள் அறிவுரை சொன்னார்களாம். அதில் எனக்கு உடன்பாடில்லை.

குப்புறப் படுத்தும் மண்டியிட்டும் சுடும்போது, மேற்கையில் மாட்டிய வார் துப்பாக்கியின் எடையைத் தாங்குகிறது. எலும்பும் வாரும் சுமக்க, தசை தளர்ந்திருக்கும். நின்று சுடுகையில் வாருக்கு அனுமதியில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர்க்காரரான ஸ்வப்னில் குசாளே வெண்கலம் வென்ற மூன்று நிலைப் போட்டியில், இரண்டு நிலைகள் வாரை நம்பியவை. 50 மீட்டர் தொலைவில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே. இடையில் வார் சிறிது நீண்டாலும் குழல்முனை தாழும். சுடுபவர் தம்மையறியாமல் தசையால் அதைத் தூக்குவார்.

தோல் வியர்வையையும் ஈரக்காற்றையும் உறிஞ்சி நெகிழும், துளைகள் விரியும். புத்தக அட்டையிலேயே பூஞ்சை படரும் மும்பை மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். செயற்கை இழைகளும் எல்லாம் ஒன்றல்ல. நைலான் சிறிது நீரை உறிஞ்சி இளகும்; நெகிழி பூசிய பாலியெஸ்டர் நெசவு அவ்வளவாக நீளாது. தோலுக்காக வாதிடுவோர் கூறுவதில் ஒன்று சரி: விறைப்பான வார் கையின் நாடித்துடிப்பைத் துப்பாக்கிக்குக் கடத்தும். ஆனால் அகலமான பட்டையாலும், மாட்டும் இடத்தை மாற்றியும் அதைக் குறைக்கலாம். விதிகள் 40 மி.மீ. அகலம் வரை இடமளிக்கின்றன. போட்டி நடுவே நீளும் வாருக்கு அத்தகைய மாற்றில்லை.

90 அடிச் சாலை அருகிலுள்ள பட்டறை ஒன்றிற்கு அவரை அழைத்துச் சென்றேன். திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி அவருடைய பழைய தோல் வாரைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மழைக்கு இது இழுத்துக்கும் தாயி. பெல்ட்டுன்னா இன்னொரு ஓட்டை போட்டுக்கலாம், குறி பாக்கதுக்கு ஆவாது. நல்ல பட்டையா வாங்கிட்டு வா, தச்சுத் தாரேன்.”

தாராவி இன்று தோலை மட்டும் தைப்பதில்லை. ரெக்சினும் நெசவுப் பட்டையும் அதே ஊசியில்தான் ஓடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் அமைத்த தோல் பதனிடும் கூடங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1970களின் தொடக்கத்தில் செம்பூரை அடுத்த தேவனாருக்குப் போயிற்று. 2015ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் காளை, எருதுகளை அறுப்பதையும் தடை செய்தபின் இங்கே எஞ்சியது எருமைத் தோல். அப்போதெல்லாம் வாய் திறவாதவர்கள் ஒரு வார் வாங்கி ஆதரவு தெரிவிக்க நினைப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. தோலைத் தொட்டவரைத் தலைமுறைகளாக ஒதுக்கிவைத்த நாம், தோலை ‘மரபு’ என்று கொண்டாடுவதும் அப்படித்தான். அண்ணாச்சிக்கு வேண்டியது வேலையும் கூலியும், இரக்கமன்று.

இடையில் என் துறை சார்ந்த ஒன்று. ‘வார்’ என்றாலே தோற்பட்டை என்று அகராதிகள் பொருள் தருகின்றன. இன்று ‘தோல் வார்’ என்று அடைகொடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. அகராதியை விடப் பட்டறை முந்திக்கொண்டது.

மாணவி பாலியெஸ்டர் வாரையே வாங்கினார். கையில் படியும் பகுதியின் உட்புறத்துக்கு மட்டும் அண்ணாச்சி எருமைத் தோல் வைத்துத் தைத்தார். அதற்குக் கூலி தனி.