பூட்டும் அதன் காரணமும்



சென்ற வாரம் தேக்கா சந்தையில் என் மாணவன் ஒருவனின் தாயாரைச் சந்தித்தேன். "டீச்சர், பள்ளிக் கணினியில் பிள்ளை ஒவ்வொரு முறையும் தன் பயனர்பெயரை முழுவதும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறதாம். தொடக்கநிலை மூன்றில் படிப்பவனுக்கு இத்தனை கட்டுப்பாடு எதற்கு?" என்று குறைபட்டுக்கொண்டார்.

பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் கணினிக்கு உள்நுழைவுத் திரையே வாசற்கதவு. கடைசியாகப் பயன்படுத்தியவரின் பெயர் அங்கே தெரிந்தால், அடுத்து அமர்பவர் கடவுச்சொல்லை மட்டும் ஊகித்தால் போதும். விண்டோஸில் அப்பெயரை மறைக்க வழியுண்டு. உள்நுழையாமலேயே கணினியை அணைக்க உதவும் பொத்தானையும் நீக்கிவிடலாம். முன்பொருமுறை என் வகுப்பில் ஒரு சிறுவன் நண்பனின் பெயரில் நுழைந்து, அவன் எழுதிய கட்டுரையை அழித்துவிட்டான். செய்தவனுக்கு அது விளையாட்டு. இழந்தவனோ அன்று முழுவதும் அழுதான். ஆதலால் இக்கட்டுப்பாட்டை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால், பூட்டு ஒன்றே போதும் என்று இருந்துவிடலாகாது. நம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கற்றல் சாதனங்களைக் கட்டுப்படுத்தவும் கண்காணிக்கவும் 'மொபைல் கார்டியன்' என்னும் செயலி நிறுவப்பட்டிருந்தது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் அந்நிறுவனத்தின் அமைப்புக்குள் யாரோ அத்துமீறி நுழைந்தனர். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. வேறிடத்தில் படியெடுத்து வைக்காத பாடக்குறிப்புகளைச் சிலர் இழந்தனர். கல்வி அமைச்சு அச்செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் அகற்றியது. காவலுக்கு வைத்ததே கேடு புகும் வாயிலாயிற்று.

எந்தப் பூட்டும் ஒருநாள் தவறலாம். அன்று துணை நிற்பது பிள்ளையின் சொந்தப் பழக்கமே: கடவுச்சொல்லைக் காத்தல், பிறர் கணக்கைத் தொடாதிருத்தல், எழுதியதைப் படியெடுத்து வைத்தல். காரணம் அறியாத பிள்ளையிடம் இப்பழக்கம் வளராது.

அத்தாயாருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் என் குறையும் எனக்குப் புலப்பட்டது. கணினி அறையில், "அதைத் தொடாதே" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். ஏன் என்று ஒருமுறையும் சொன்னதில்லை. மறுநாளே ஐந்து நிமிடம் ஒதுக்கி, மாணவர்களுக்கு எடுத்துரைத்தேன்.

ஆசிரியர்களே, அந்த ஐந்து நிமிடத்தை நீங்களும் ஒதுக்குங்கள். பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையின் பென்சில் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடவுச்சொல் எழுதிய தாள் அதில் ஒட்டப்பட்டிருந்தால், கடிந்துகொள்ளாமல், அதை ஏன் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.